ட்ரெயிலுக்கு 80 சதவீதம் கிராண்ட்: மீதி 20 மட்டும்தானா நம் தலையில்?

மூன்றாவது மைல் கேட்டது:

வணக்கம். அமெரிக்காவில் சிட்டி, கவுன்டி வேலைகளோடு பழக்கம் உள்ளவர்கள் யாராவது இங்கே இருந்தால் கொஞ்சம் உதவுங்கள்.

நாங்கள் இருப்பது 28 ஆயிரம் பேர் வசிக்கும் நகரம். ஊருக்கு நடுவே பழைய சரக்கு ரயில் பாதை ஒன்று 3.2 மைலுக்குப் போகிறது. வண்டி ஓடி வெகுகாலம் ஆகிறது. தண்டவாளத்தையும் கட்டைகளையும் ரயில் கம்பெனி பெயர்த்துக்கொண்டு போய்விட்டது. இப்போது இருப்பது ஜல்லியும் முள்செடியும்தான். அப்புறம், ஓடைக்கு மேலே ஓர் இரும்புப் பாலம். என் மகள் படிக்கும் நடுநிலைப் பள்ளியின் பின்புறமாகத்தான் அந்தப் பாதை போகிறது. அதன் வழியாக நடந்தால் வீட்டிலிருந்து 12 நிமிடம். சாலை வழியாகப் போனால் நான்கு லேனைக் கடக்க வேண்டும், அதனால் காரில் கொண்டுபோய் விடுகிறேன். அந்த எரிச்சலில்தான் போன வருஷம் சிட்டியின் நடை, சைக்கிள் ஆலோசனைக் குழுவில் சேர்ந்தேன். சம்பளம் கிடையாது, மாதம் ஒரு கூட்டம்.

இப்போது சிட்டி ஊழியர்கள் அந்தப் பாதையை நடப்பவர்கள், ஓடுபவர்கள், சைக்கிள்காரர்கள், சக்கர நாற்காலியில் வருபவர்கள் எல்லோருக்கும் பொதுவான ட்ரெயிலாக மாற்ற ஃபெடரல் கிராண்டுக்கு, அதாவது மத்திய அரசின் மானியத்துக்கு, விண்ணப்பிக்கலாம் என்கிறார்கள். மதிப்பீடு 8 மில்லியன் டாலர். அதில் 80 சதவீதம், அதாவது 6.4 மில்லியன், கிராண்டில் வரும். 1.6 மில்லியன் நாங்கள் போட வேண்டும். அந்தப் பங்கைத் தருகிறோம் என்று கவுன்சில் தீர்மானம் போட்டால்தான் விண்ணப்பமே போகும். செவ்வாய்க்கிழமை ஓட்டெடுப்பு. கவுன்சிலர்கள் ஏழு பேரில் ஒருவர், சும்மா வருகிற பணத்தை வேண்டாம் என்பவன் முட்டாள் என்கிறார். இன்னொருவர், யானையைத் தானமாக வாங்கிவிட்டுத் தீனிக்கு எங்கே போவது என்கிற ரகம்.

எனக்குப் பேச மூன்று நிமிடம் உண்டு. நான் மென்பொருள் சோதிக்கும் வேலை பார்ப்பவள், எது எங்கே உடையும் என்று தேடுவதுதான் பிழைப்பு. ஆனால் இதில் எங்கே தட்டிப் பார்ப்பது என்றே புரியவில்லை. 1.6 மில்லியனுக்கு மேல் ஏதாவது வருமா? தன்னார்வலர்களின் உழைப்பை எங்கள் பங்காகக் காட்ட முடியுமா? பாதையை ஒட்டி வீடு வைத்திருப்பவர்கள் சிலர், ரயில் போனதும் நிலம் எங்களுக்கு வந்துவிட்டது என்கிறார்கள். அது உண்மையா? மின்சைக்கிளை விட்டால் கிராண்டே போய்விடும் என்று வேறு ஒருவர் பயமுறுத்துகிறார்.

நான் இந்த ட்ரெயில் வேண்டும் என்கிற கட்சிதான். அதை மறைக்கவில்லை. ஆனால் தெரியாமல் பேசி மாட்டிக்கொள்ளக் கூடாது.


இரண்டு சக்கரம்:

இதில் யோசிக்க என்ன இருக்கிறது, போடச் சொல்லுங்கள்! இண்டியானாபொலிஸ் நகர நடுவில் கல்ச்சுரல் ட்ரெயில் என்று ஒன்று இருக்கிறது. 2007-இல் தொடங்கி 2013-இல் 8 மைல் கட்டி முடித்தார்கள். 63 மில்லியன் செலவு. அதில் 20.5 மில்லியன் டைகர் என்ற ஃபெடரல் கிராண்ட். நான் ஒரு முறை முழுவதும் ஓட்டியிருக்கிறேன், இருபுறமும் செடி வைத்து, மழைத் தண்ணீர் அந்தச் செடிப் பாத்திகளிலேயே இறங்குகிற மாதிரி செய்திருக்கிறார்கள். அட்லான்டா பெல்ட்லைனைப் பாருங்கள். 1999-இல் ரயன் கிராவல் என்ற மாணவர் ஜார்ஜியா டெக்கில் எழுதிய ஆய்வேட்டில் தொடங்கியது அது. பழைய ரயில் பாதைகளைச் சேர்த்து நகரைச் சுற்றி 22 மைல் வளையம். அதற்கும் 2013-இல் 18 மில்லியன் டைகர் பணம் வந்தது. பயந்துகொண்டே இருந்தால் ஒன்றும் நடக்காது.

மின்சைக்கிள் பயம் வீண். ஃபெடரல் பணத்தில் கட்டிய ட்ரெயிலில் மோட்டார் வண்டி கூடாது என்பது சட்டம். ஆனால் அதே சட்டத்திலேயே மின்சைக்கிளுக்கு விலக்கு இருக்கிறது, மாநில விதியோ ஊர் விதியோ அனுமதித்தால் விடலாம். மோட்டார் வைத்த சக்கர நாற்காலிக்கும் விலக்கு உண்டு.


கணக்குப்பிள்ளை:

அம்மா, செவ்வாய்க்கிழமைக்குள் இதைப் படித்துவிடுங்கள். கொஞ்சம் நீளம்.

நான் 22 வருஷம் ஒரு கவுன்டியின் பொதுப்பணித் துறையில் கணக்குப் பக்கம் இருந்து ஓய்வு பெற்றவன். எந்தக் கவுன்டி என்று கேட்க வேண்டாம், அங்கே இன்னும் என் நண்பர்கள் வேலை பார்க்கிறார்கள். மூன்று ட்ரெயில்களுக்கு வரவு செலவு பார்த்திருக்கிறேன்.

முதலில் மேலே எழுதிய தம்பிக்கு ஒரு வார்த்தை. இண்டியானாபொலிஸில் அந்த 63 மில்லியனில் 27.5 மில்லியன் தனியாரும் அறக்கட்டளைகளும் கொடுத்தது. ஆர்கன்சாவில் ரேஸர்பேக் கிரீன்வே என்று 36 மைல் ட்ரெயில், 2015-இல் திறந்தார்கள். அதற்கு 15 மில்லியன் டைகர் கிராண்ட் வந்தபோது எதிர்ப்பங்காக 15 மில்லியனை வால்மார்ட் கடைகளை உருவாக்கிய வால்டன் குடும்பத்தின் அறக்கட்டளை எடுத்து வைத்தது. 28 ஆயிரம் பேர் ஊரில் அப்படி ஒரு கை இருக்கிறதா? இருந்தால் சொல்லுங்கள், மீதியை நான் எழுதவே வேண்டியதில்லை.

எங்கள் முதல் ட்ரெயிலுக்கு 5 மில்லியன் மதிப்பீடு. 4 மில்லியன் கிராண்ட், 1 மில்லியன் எங்களுடையது. அறிவிப்பு வந்த அன்று அலுவலகத்தில் கேக் வெட்டினார்கள். ஆள் உயர அட்டையில் செக் அடித்து, ஏழு பேர் பிடித்துக்கொண்டு படம் எடுத்தார்கள். அந்த அட்டை ரொம்ப நாள் என் மேஜைக்குப் பின்னால்தான் சாத்திவைத்திருந்தது. பணம் என்று ஒரு சென்ட்கூட அன்றைக்கு வரவில்லை. அதற்குப் பிறகு 14 மாதம் வரவில்லை.

ஏன் என்றால், அறிவிப்பு வேறு, ஒப்லிகேஷன் வேறு. உங்கள் சிட்டியும் மாநிலப் போக்குவரத்துத் துறையும் ஒப்பந்தம் போட்டு, திட்டம் மாநிலத்தின் பட்டியலில் ஏறி, சுற்றுச்சூழல் ஆய்வு தேறி, கடைசியில் ஃபெடரல் அலுவலகம் கையெழுத்துப் போடுகிறதே, அன்றைக்குத்தான் அந்தப் பணம் உங்களுடையது. அதற்கு முன்னால் அது ஒரு நல்ல செய்தி, அவ்வளவுதான். அக்கம்பக்க அணுகல், சமத்துவம் என்று 2022 சட்டத்தில் ஒரு கிராண்ட் வந்ததே, 2025 ஜூலையில் வந்த புதுச் சட்டம் அதில் ஒப்லிகேட் ஆகாமல் கிடந்த பணத்தை அப்படியே திரும்ப எடுத்துக்கொண்டது. ஜெயித்த ஊர்கள் கையில் கடிதம்தான் இருந்தது.

சரி, கையெழுத்தும் ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போதும் பணத்தை மொத்தமாகத் தூக்கித் தர மாட்டார்கள். வேலையைச் செய்து, ஒப்பந்தக்காரருக்கு நீங்கள் பணம் கொடுத்து, ரசீதும் கூலிப் பட்டியலும் வைத்து பில் அனுப்ப வேண்டும். அப்புறம் திருப்பித் தருவார்கள். எங்களுக்குச் சராசரியாக இரண்டு மாதம் ஆனது. ஒப்பந்தக்காரர் அதுவரை பொறுப்பாரா? மாட்டார். ஆக 20 சதவீதம் மட்டும் கையில் இருந்தால் போதாது, புரட்டுவதற்கு வேறு காசு வேண்டும். ஒரு தடவை மண் பரிசோதனைக்காரரின் பில்லில் தேதி, ஒப்பந்தம் அமலுக்கு வந்த நாளுக்கு 11 நாள் முந்தி விழுந்திருந்தது. 38 ஆயிரம் டாலர். முழுதாக எங்கள் தலையில். அந்தப் பில்லில் கையெழுத்துப் போட்டவன் நான்தான், அதனால் தொகை மறக்கவில்லை.

இப்போது உங்கள் முக்கியமான கேள்விக்கு வருகிறேன். 80க்கு 20 என்பது மதிப்பீட்டுக்குத்தான். கிராண்ட் ஒரு தொகையில் நின்றுவிடும், செலவு நிற்காது. விண்ணப்பம் போட்டு டெண்டர் திறக்க எங்களுக்கு நாலு வருஷம் ஆனது. குறைந்த டெண்டரே 6.2 மில்லியன். மத்திய அரசு அதே 4 மில்லியன். எங்கள் 1 மில்லியன் 2.2 ஆனது. சதவீதம் போட்டால் 35. உங்கள் 8 மில்லியன் 10 ஆனால் என்ன என்று நீங்களே கழித்துப் பாருங்கள்: 10இல் 6.4 போனால் 3.6. கவுன்சில் ஒப்புக்கொண்ட 1.6-ஐப் போல இரண்டு மடங்குக்கும் மேல். உங்கள் ஊரில் ஒரு வருஷத்துக்குச் சாலை போட எவ்வளவு ஒதுக்குகிறார்கள் என்று பார்த்து, இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூன்று நிமிடத்தில் இந்த ஒரு கணக்கைச் சொன்னாலே போதும் என்பேன்.

மதிப்பீடு எந்த வருஷ விலையில் போட்டது, எதிர்பாராச் செலவுக்கு எத்தனை சதவீதம் வைத்தார்கள், ஓடைப் பாலத்தை யாராவது கீழே இறங்கிப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ரயிலைத் தாங்கிய பாலம் மனிதர்களைத் தாங்காதா என்பார்கள். தாங்கும். ஆனால் பெயின்ட்டில் ஈயம் இருக்கும், கைப்பிடிச் சுவர் புதிதாக வேண்டும், தூண் அடியில் மண் அரித்திருக்கும். அப்புறம் அந்த ஜல்லி. பழைய ரயில் பாதைகளில் களை வராமல் இருக்க ஆர்செனிக் கலந்த மருந்து அடித்திருப்பார்கள், கட்டைகள் மக்காமல் இருக்கப் போட்ட கிரியோசோட் என்ற எண்ணெய் மண்ணில் இறங்கியிருக்கும். மண்ணைச் சோதிக்காமல் பள்ளிக்கூடத்துப் பின்னால் தோண்ட விட மாட்டார்கள், விடவும் கூடாது.

தன்னார்வலர் உழைப்பைக் காட்டலாம், நன்கொடை நிலத்தையும் காட்டலாம். ஆனால் எந்தக் கிராண்ட், எந்த மாநிலம் என்பதைப் பொறுத்தது. முன்கூட்டியே எழுத்தில் ஒப்புதல் வாங்க வேண்டும், மணிக்கணக்கை எழுதி வைக்க வேண்டும். எங்களுக்கு இரண்டு கோடைகாலம் முள் வெட்டியது 9 ஆயிரம் டாலருக்குத்தான் தேறியது. 1.6 மில்லியனுக்கு எத்தனை முள் வெட்ட வேண்டும்!

எந்த கிராண்ட் என்று நீங்கள் சொல்லவில்லை. அதைக் கேளுங்கள். நடை, சைக்கிள் பாதைகளுக்கென்றே வந்த ஆக்டிவ் டிரான்ஸ்போர்ட்டேஷன் திட்டத்தில் கட்டுமானம் என்றால் குறைந்தது 15 மில்லியன் வேலை இருக்க வேண்டும், உங்களுடையது உள்ளேயே போகாது. டைகர் என்று தம்பி சொன்னது பெயர் மாறி மாறி பில்ட், ரைஸ், மறுபடி பில்ட் என்று வந்து நிற்கிறது. அதில் ஒரு வேடிக்கை உண்டு. 2 லட்சத்துக்கு மேல் ஜனத்தொகை உள்ள நகர்ப்பகுதிக்குள் உங்கள் ஊர் வராவிட்டால், அவர்கள் கணக்கில் நீங்கள் கிராமம். கிராமம் என்றால் 20 சதவீதப் பங்கே கட்டாயமில்லை. ஆனால் நாடு முழுவதும் போட்டி. ஆயிரம் பக்கம் எழுதத் தெரிந்த பெரிய ஊர்களோடு மோத வேண்டும். மாநிலம் வழியாக வருகிற டிரான்ஸ்போர்ட்டேஷன் ஆல்டர்நேட்டிவ்ஸ் பணத்தில் தொகை சிறிது, ஆனால் எதிரே இருப்பவர்கள் உங்களைப் போன்ற ஊர்க்காரர்கள். முதல் கிராண்ட் அங்கேதான் வாங்க வேண்டும், அதுவும் கட்டுமான வரைபட வேலைக்கு மட்டும் என்பது என் அபிப்பிராயம். அந்த அலுவலகத்து ஆட்கள் உங்கள் பில்லைப் பார்த்துப் பழக வேண்டும், நீங்கள் அவர்கள் படிவத்தைப் பார்த்துப் பழக வேண்டும்.

நிலத்தைப் பற்றிக் கடைசியில் எழுதுகிறேன், ஆனால் அதைத்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும். அந்தப் பாதை இப்போது சட்டப்படி யாருடையது? ஊழியர்கள் வாயால் சொன்னால் போதாது, தாளைக் காட்டச் சொல்லுங்கள்.


வேலியோரம்:

நான் மறுபக்கத்து ஆள். என் வீட்டுக் கொல்லைப்புறத்தில் ரயில் பாதை, இப்போது ட்ரெயில். முதல் கூட்டத்துக்குச் சண்டை போடுவதற்காகவே போனேன், போட்டேன்.

ரயில் போனதும் நிலம் எங்களுக்கு என்பது முழுப் பொய்யும் இல்லை, முழு உண்மையும் இல்லை. ரயில் கம்பெனிகள் சில இடத்தில் நிலத்தையே விலைக்கு வாங்கின. பல இடத்தில் ரயில் ஓட்டிக்கொள்ளும் உரிமையை மட்டும் வாங்கின, நிலம் பழைய சொந்தக்காரருடையதுதான். அந்த மாதிரி இடத்தில் ரயில் முறைப்படி கைவிடப்பட்டால் உரிமை முடிந்து நிலம் பக்கத்து ஆட்களுக்குத் திரும்பும். இதைத் தடுக்கத்தான் 1983-இல் நேஷனல் ட்ரெயில்ஸ் சட்டத்தில் ரயில்பேங்கிங் என்று ஒன்றைச் சேர்த்தார்கள். பிற்காலத்தில் ரயில் திரும்ப வரலாம், அதுவரை ட்ரெயிலாக இருக்கட்டும் என்று ஏற்பாடு. அப்படிச் செய்தால் சட்டத்தின் கண்ணில் பாதை கைவிடப்படவே இல்லை. உச்ச நீதிமன்றம் 1990-இல் ப்ரிசோல்ட் வழக்கில் இது செல்லும் என்றது. கூடவே, நிலத்துக்காரர் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம் என்றும் வழிவிட்டது. அந்த நஷ்டஈட்டைத் தருவது மத்திய அரசு, உங்கள் சிட்டி இல்லை. இதைச் சொல்லுங்கள், கவுன்சிலில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்காது. எங்கள் தெருவில் வக்கீல் கடிதம் வராத வீடே கிடையாது.

ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. ரயில்பேங்கிங்குக்கு ட்ரெயில் நடத்துபவர் முன்வந்து, ரயில் பாதைகளைக் கைவிடுவதற்கு அனுமதி தரும் ஃபெடரல் அமைப்பான சர்ஃபேஸ் டிரான்ஸ்போர்ட்டேஷன் போர்டிடம் கேட்க வேண்டும், அதுவும் கைவிடுதல் முடிவதற்கு முன்னால். முடிந்துவிட்டால் அந்தக் கதவு மூடிவிடும். நீங்கள் தண்டவாளத்தைப் பெயர்த்துக்கொண்டு போய்விட்டார்கள் என்று எழுதியதும் எனக்கு அதுதான் உறுத்தியது. ரயில்பேங்கிங் ஆன இடத்திலும் தண்டவாளத்தை எடுப்பார்கள், அதனால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. போர்டின் கோப்பைப் பார்த்தால்தான் தெரியும்.

இன்னொன்று. ஐயா மேலே சொன்ன டெண்டர் விலை ஏறுகிற கதை என் கொல்லைப்புறத்தில் வந்து முடிந்தது. கூட்டத்தில் எங்களுக்குக் காட்டிய படத்தில் 6 அடி வேலி, வேலிக்கு முன்னால் வரிசையாக மரம். டெண்டர் அதிகமாக வந்ததும் முதலில் வெட்டியது அந்த மரங்களையும் வேலியையும்தான். செலவைச் சீராக்கினோம் என்று ஒரு கடிதம் வந்தது. இப்போது காலை 6 மணிக்கு நான் சமையலறையில் காபி போட்டால் போகிறவர்கள் கை ஆட்டுகிறார்கள். சிலருக்கு நானும் ஆட்டுகிறேன், அது வேறு. வேலியை நானே என் காசில் போட்டேன். ட்ரெயில் வந்து கொலையும் கொள்ளையும் நடக்கும் என்று அன்று கத்தினேன், அப்படி ஒன்றும் நடக்கவில்லை. நாய்க் கழிவு மட்டும் நிறைய.


இரண்டு சக்கரம்:

ஐயா, நீங்கள் சொல்கிறபடி பார்த்தால் ஒரு ஊரிலும் ட்ரெயிலே வந்திருக்காது. எல்லாம் தெரிந்த பிறகுதான் விண்ணப்பம் என்றால் வாய்ப்புக் கையைவிட்டுப் போய்விடும். 2021 உள்கட்டமைப்புச் சட்டத்தின் காலமே 2026 செப்டம்பர் 30 வரைக்கும்தான்.


கணக்குப்பிள்ளை:

தம்பி, நான் பார்த்த மூன்றும் கட்டி முடிந்தன. மூன்றிலும் இன்று குழந்தைகள் சைக்கிள் ஓட்டுகிறார்கள், என் பேரன் உட்பட. கட்டாதே என்று நான் எழுதவில்லை. முதல் ட்ரெயில் எங்களிடம் 9 வருஷம் எடுத்துக்கொண்டது, மூன்றாவது 4 வருஷத்தில் முடிந்தது. மூன்றாவதில் நிலப் பத்திரம், மண் சோதனை, 30 சதவீதம் முடிந்த கட்டுமான வரைபடம் எல்லாம் விண்ணப்பம் போடும் முன்பே மேஜையில் இருந்தன. அவசரத்தில் போட்டதுதான் தாமதமானது.

வேலியோரம் எழுதியதில் ஒரு வரி சேர்க்கிறேன். சிட்டி அவசரப்பட்டு இடையில் ஒரு துண்டு நிலத்தைத் தானே வாங்கிவிடப் போகிறது என்றால் நிறுத்தச் சொல்லுங்கள். ஃபெடரல் பணம் எந்தக் கட்டத்தில் வந்தாலும் அப்படிப்பட்ட திட்டங்களுக்கு நிலம் வாங்குவதற்கான 1970-ஆம் வருஷத்து யூனிஃபார்ம் சட்டப்படி மதிப்பிட்டு, எழுத்தில் விலை சொல்லி வாங்கியிருக்க வேண்டும். கைகுலுக்கி வாங்கிய ஒரு துண்டுக்காக முழுத் திட்டமும் தகுதி இழக்கிற அளவுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன்.


மூன்றாவது மைல்:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு 1 மணி வரை இதைத்தான் படித்துக்கொண்டிருந்தேன். ஐயா, சாலைக் கணக்கைப் பார்த்தேன். எங்கள் ஊரில் வருஷத்துக்குத் தார் போட ஒதுக்குவது 1.9 மில்லியன். 3.6-க்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்ததும் வயிற்றைக் கலக்கியது.

இன்னும் ஒரு கேள்வி. கட்டிய பிறகு? புல் வெட்டுவது, பனி தள்ளுவது, விரிசல் அடைப்பது இதெல்லாம் கிராண்டில் வருமா? அப்புறம் 8 அடி அகலம் போட்டால் செலவு குறையுமே என்று அந்த யானைக்காரக் கவுன்சிலர் கேட்கிறார்.


கணக்குப்பிள்ளை:

பராமரிப்பு உங்கள் பாடு. ரெக்ரியேஷனல் ட்ரெயில்ஸ் என்ற திட்டம் பழுதுபார்ப்புக்குக் கொஞ்சம் தரும், மற்றபடி புல்லுக்கும் பனிக்கும் ஃபெடரல் பணத்தை எதிர்பார்க்க வேண்டாம். யார் வெட்டுவார்கள், பூங்காத் துறையா சாலைத் துறையா என்று இப்போதே பெயர் எழுதிவிடுங்கள். எங்கள் இரண்டாவது ட்ரெயிலில் இரண்டு துறையும் மற்றவரைக் கை காட்டியதில் முதல் குளிர்காலம் முழுவதும் பனி அப்படியே கிடந்தது.

8 அடி வேண்டாம். இரு திசையிலும் எல்லோரும் போகிற பாதைக்கு மாநில நெடுஞ்சாலை அதிகாரிகளின் சங்கமான ஆஷ்டோவின் கையேடு சொல்லும் குறைந்தபட்ச அகலம் 10 அடி, இரு பக்கமும் இரண்டிரண்டு அடி சமதளம். 8 அடி மிகச் சிறிய நெருக்கடியான இடத்துக்கு மட்டும். சாய்வு 5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ரயில் பாதையில் ஏற்றம் அதிகம் இருக்காது, அந்த ஒரு விஷயத்தில் உங்களுக்கு யோகம். தெருவோடு சேரும் இடங்களில்தான் பார்க்க வேண்டும். குறுக்கே எத்தனை தெரு?


மூன்றாவது மைல்:

ஐந்து. அதில் ஒன்று அந்த நான்கு லேன்.


கணக்குப்பிள்ளை:

அப்படியானால் உங்கள் மகள் விஷயம் அந்த ஒரு கிராஸிங்தான். 3.2 மைலும் வருகிறபோது வரட்டும். அந்த ஓர் இடத்துக்கு சிக்னலும் நடுத்திட்டும் கேட்டுப் பிள்ளைகள் பள்ளிக்குப் பாதுகாப்பாக நடந்து போவதற்கென்று வரும் பணத்தில் தனியாக விண்ணப்பியுங்கள். அதற்கு நிலத் தகராறும் கிடையாது, சாலை சாலைக்காரர்களுடையது.


மூன்றாவது மைல்:

செவ்வாய்க்கிழமை முடிந்தது. நேற்றே எழுதியிருக்க வேண்டும், தூங்கிவிட்டேன்.

மூன்று நிமிடத்தில் இரண்டு விஷயம்தான் சொன்னேன். 10 மில்லியன் ஆனால் 3.6 என்ற கணக்கைச் சொன்னபோது சும்மா வருகிற பணம் என்றவர் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். யானைக்காரக் கவுன்சிலர் பெரிதாகச் சிரித்தார். இரண்டு பேருமே என்னை அவரவர் கட்சி என்று நினைத்துவிட்டார்கள் போல. அடுத்து, போர்டின் கோப்பு எண் என்ன, ரயில்பேங்கிங் ஆனதா, தாள் எங்கே என்று கேட்டேன். ஊழியர் நல்லவர், மழுப்பவில்லை. 2.8 மைலுக்கு ரயில்பேங்கிங் ஆகியிருக்கிறது என்று அங்கேயே காட்டினார். பள்ளிக்கு வடக்கே 0.4 மைல் அதற்கு முன்பே வேறொரு உத்தரவில் கைவிடப்பட்டது, அதை இன்னும் பார்க்கவில்லை என்றார். அரங்கத்தில் பத்து நொடி சத்தமே இல்லை.

கட்டுமானத்துக்கு இந்தச் சுற்றில் விண்ணப்பிப்பதில்லை, வரைபடத்துக்கும் நில ஆய்வுக்கும் மாநிலத்திடம் கேட்பது என்று 5க்கு 2 ஓட்டில் முடிவு. கிராஸிங்குக்குத் தனி விண்ணப்பம், அதற்கு ஏழு ஓட்டும் விழுந்தது. என் குழுவில் ஒருவர் நான் ட்ரெயிலைக் கொன்றுவிட்டேன் என்று கோபமாக மின்னஞ்சல் போட்டிருக்கிறார். பதில் எழுத வேண்டும், இன்னும் மனசு வரவில்லை.

இப்போது அந்த 0.4 மைலை என் தலையில் கட்டிவிட்டார்கள். ரயில் கம்பெனிகளின் சொத்தை மதிப்பிட 1913-இல் ஒரு சட்டம் போட்டார்களாம், அப்போது ஒவ்வொரு மைலையும் அளந்து வரைந்த வரைபடங்கள் இருக்கின்றன என்று ஊழியர் ஒரு பிரதி அனுப்பினார். துண்டு துண்டாக எண் போட்டு, ஓரத்தில் பட்டியல்: யாரிடமிருந்து, எந்த வருஷம், விலைப் பத்திரமா, வழி உரிமையா, வழக்குப் போட்டு எடுத்ததா என்று. பார்க்கவே அழகாக இருக்கிறது. எங்கள் பள்ளி இருக்கும் இடத்தில் ஒரு மாட்டுத் தொழுவம் வரைந்திருக்கிறார்கள்.

வடக்கே மொத்தம் ஆறு துண்டு. நான்கு விலைப் பத்திரம். ஒன்று வழி உரிமை. 11-ஆம் எண் துண்டுக்கு நேராகப் பத்திரம் என்ற கட்டத்தில் ஒன்றுமே எழுதவில்லை, வெறும் கோடு. வேலியோரம், ஐயா, கோடு என்றால் என்ன அர்த்தம்?